சுயவெளியீட்டு நூல்களுக்கு மதிப்புரை: சலுகை வேண்டுமா, வேண்டாமா?

#1 கரிசல்வாசகன்

நம் மதிப்புரைப் பகுதியில் இப்போது பாதிக்கு மேல் பதிப்பகம் இல்லாமல் வந்த புத்தகங்கள். கிண்டிலில் நேரடியாக ஏற்றியவை, சொந்தக் காசில் நூறு இருநூறு பிரதி அச்சடித்தவை, பிரதிலிபியில் தொடராக வந்து பிறகு நூலானவை. இவற்றை அளப்பதில் நம்மிடம் இரண்டு கோஷ்டி. ஒன்று, "பாவம், தனியாளாகப் போட்டிருக்கிறார்" என்று தட்டிக்கொடுத்து ஐந்து நட்சத்திரம் போடுவது. இன்னொன்று, மூன்றாம் பக்கத்தில் ஒற்றுப்பிழையைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டு "இதெல்லாம் இலக்கியமா" என்று எழுதுவது. இரண்டுமே படிக்காமல் தப்பிக்கும் வழி.

என் கட்சி இது. சலுகை கூடாது. ஆனால் குறை யாருடைய வேலையில் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பதிப்பகம் வழியாக வரும் நாவலில் எழுத்தாளர் தவிர எடிட்டர், மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் வடிவமைப்பவர் என்று சிலர் கை பட்டிருக்கும் (படாமல் வருவதும் உண்டு, அதை அப்புறம் பேசலாம்). சுயவெளியீட்டில் அத்தனை நாற்காலியிலும் ஒரே ஆள்.

உதாரணம் சொல்கிறேன். புத்தகப் பெயர்கள் தனி மதிப்புரைகளில் இருக்கின்றன, இங்கே போடவில்லை. பெயர் வந்தால் பேச்சு ஆளைப் பற்றியதாகிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கான ஆடல் மகளிர்) பட்டியல் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இந்த வறண்ட பட்டியலிலிருந்து ஒருவர் நாவல் எழுதியிருக்கிறார். திருவாரூரிலிருந்து வந்தவளும் பழையாறையிலிருந்து வந்தவளும் அடுத்தடுத்த வீடு. புது ஊர், புதுக் கோயில், கும்பிடப் பழகாத சாமி. இருவருக்கும் நடுவே கொல்லைப்புறச் சுவர் மட்டும். முதல் நூற்றைம்பது பக்கத்தில் போரும் இல்லை, வாள் சுழற்றலும் இல்லை, ஒற்றன் சுரங்கப்பாதையில் ஓடவும் இல்லை. நெல் அளக்கிறவன் கலத்தில் குறைக்கிறான், அதைக் கேட்கப் போவது யார் என்று ஒரு அத்தியாயம் முழுக்கச் சண்டை. சோழர் காலக் கதை என்று குவியும் புத்தகங்களுக்கு நடுவே இப்படி ஒன்றைப் படித்து வெகு காலமாகிறது.

அதே நாவலில் அந்தப் பழையாறைக்காரி வரமிளகாய் வறுத்துத் துவையல் அரைக்கிறாள். மிளகாய் நம் ஊருக்கு வந்தது போர்ச்சுகீசியர்களோடு, 16ஆம் நூற்றாண்டில். மிளகு என்று ஒரு சொல்லை மாற்றினால் முடிந்தது. ஒரு எடிட்டர் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும். இதற்காக நான் நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை. ஆனால் கடைசி மூன்றிலொரு பங்கில் ராஜராஜனே நேரில் வந்து இரண்டு அத்தியாயம் பேருரை ஆற்றுகிறான். அந்த இரண்டு பெண்களும் கைகட்டிக் கேட்கிறார்கள். நாவல் அங்கே செத்துப்போகிறது. இது எழுத்தாளரின் குறை, எந்த எடிட்டர் மேலும் பழி போட முடியாது. அதற்குத்தான் குறைத்தேன்.

பின்னூட்டத்தில் பாதிப்பேர் மிளகாயைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள். ராஜராஜன் பேச்சு யாருக்கும் உறுத்தவில்லை. அதனால்தான் இந்த இழை.

#2 பிழைதிருத்தி

தம்பி, சிவகாசியிலும் மதுரையிலும் அச்சகத்து மேசையில் மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்தவன் நான். மிளகாய் விஷயத்தில் உங்களோடு சரி. ஒற்று விஷயத்தில் உடன்பாடில்லை. "மற்றவர்கள் பார்க்க வேண்டியது" என்று தள்ள முடியாது. "வேலை கொடுத்தான்" என்றால் பணி. "வேலைக் கொடுத்தான்" என்றால் ஈட்டி. போர்க்கதை எழுதுகிறவர் இதைக் கவனிக்கவில்லையானால் அது தச்சனுக்கு உளி பிடிக்கத் தெரியாத மாதிரி.

இன்றைக்கு வாணி, நாவி என்று இலவசமாகவே பிழைதிருத்தியும் சந்திப் பிழைக்கான கருவியும் இணையத்தில் கிடக்கின்றன. முழுக்க நம்ப முடியாது. ஆனாலும் பத்தில் ஏழு பிழையைக் காட்டிக்கொடுக்கும். அதைக்கூட ஓட்டிப் பார்க்காமல் ஏற்றுகிறவருக்கு ஏன் பரிந்து பேச வேண்டும்?

ஒரு விதிவிலக்கு தருகிறேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிய மூத்தவர்கள் யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் பெயர்ந்து எழுத்தே உடைந்து நிற்கும். சில கிண்டில் நூல்களில் பக்கம் பக்கமாக அப்படி. அது எழுத்துப்பிழை இல்லை, மாற்றியில் வந்த கோளாறு. மதிப்புரை எழுதுகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

#3 மதுரைமல்லி

அண்ணே, உங்க லிஸ்ட்ல எப்பவும் சரித்திரம், இலக்கியம்னு பெரிய வீட்டுக் கதைதான். தமிழ்ல சுயமா வெளியிடுறவங்கள்ல எங்க குடும்ப நாவல், ரொமான்ஸ் எழுதுற பொம்பளைங்கதான் கணிசம். எங்களுக்கு மதிப்புரைன்னு ஒண்ணு வர்றதே இல்ல. வந்தா "ஆன்ட்டி ஹீரோ குப்பை"ன்னு ஒரு வரி.

முதல்ல இந்தப் புத்தகம் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்கங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு யூடி, அதாவது தொடரோட புது அத்தியாயம், இணையத்துல போடுவோம். கீழ "சூப்பர் சிஸ், அடுத்த யூடி எப்போ"ன்னு கேப்பாங்க. கதை முடிஞ்சதும் லிங்க்க எடுத்துட்டு கிண்டில்ல போடுவோம். லிங்க்க எடுக்குறதத் திமிருன்னு நினைக்கிறாங்க. அமேசானோட சுயவெளியீட்டுத் தளமான கேடிபில செலக்ட்னு ஒரு திட்டம், அதுல சேர்த்தா 90 நாளைக்கு அந்த மின்னூல் வேற எங்கயும் முழுசா இருக்கக் கூடாது, அதான் விதி. செலக்ட்ல சேராட்டி கிண்டில் அன்லிமிடெட்ல, அதான் சந்தா கட்டிப் படிக்கிற திட்டத்துல, வராது. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டியும் கிடைக்காது, 35தான்.

அன்லிமிடெட்ல எவ்வளவு பக்கம் படிச்சாங்கங்கிறதுக்குத்தான் காசு. 2015 ஜூலைல இருந்து அப்படித்தான். அப்ப என்ன ஆகும்? கதை நீளும். எங்க நாவல்ல ஹீரோயின் காபி போடுறது நாலு பக்கம் வர்றதுக்குக் காரணம் கலை மட்டும் இல்ல. நானே எழுதுறவதான், அதனால சொல்றேன்.

ஆனா ஒண்ணு. யூடியா படிக்கும்போது ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்துலயும் போன வாரம் என்ன நடந்துச்சுன்னு ரெண்டு பத்தி வேணும். கடைசில ஒரு திடுக் வேணும். புத்தகமாப் போடும்போது அந்த ரெண்டு பத்தியும் அப்படியே நிக்குது. நாப்பது அத்தியாயத்துல நாப்பது முன்கதைச் சுருக்கம்! இதச் சொல்லுங்க, எங்களுக்கு உபயோகமா இருக்கும். "குப்பை"ன்னா நாங்க என்ன திருத்துறது?

#4 செவ்வாய்க்கிழமை

மல்லி அக்கா சொன்ன முன்கதைச் சுருக்கம் அறிவியல் புனைகதையிலும் உண்டு, அதற்கு வேறு பெயர்: விளக்கவுரை. இரண்டு விஞ்ஞானிகள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் பாடமெடுப்பார்கள்.

நான் படித்த இரண்டு செவ்வாய்க் கதைகளை ஒப்பிடுகிறேன், இரண்டுமே சுயவெளியீடு. ஒன்றில் செவ்வாய்த் தளத்திலிருந்து நாயகன் திருநெல்வேலியில் இருக்கும் மனைவிக்கு வீடியோ கால் போட்டுச் சண்டை பிடிக்கிறான். சொல்லுக்குச் சொல் பதில். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி போய்ச் சேரவே தூரத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். கதையே அந்தச் சண்டையில்தான் நிற்கிறது, எனவே இது மிளகாய் வகைப் பிழை இல்லை. அஸ்திவாரமே ஆட்டம்.

இன்னொன்றில் எழுத்தாளர் அந்த இடைவெளியையே கதையாக்கியிருக்கிறார். மனைவி கோபத்தில் ஒரு செய்தி அனுப்புகிறாள். ஐந்து நிமிடத்தில் மனம் மாறி மன்னிப்பும் அனுப்புகிறாள். ஆனால் இரண்டும் அதே ஐந்து நிமிட இடைவெளியில்தான் போய்ச் சேரும், முந்திப் போய்த் தடுக்க வழியே இல்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் அவன் பதில் அனுப்பிவிடுகிறான். அட்டைப்படம் கண்றாவி. எழுத்துப்பிழை ஏராளம். பிழைதிருத்தி ஐயா மன்னிக்கணும், நான் ஐந்துக்கு நாலரை போட்டேன்.

#5 நீதிமன்றவாசல்

குற்றப்புனைவு பற்றி யாரும் பேசாததால் நான். போன மாதம் இங்கே ஒரு துப்பறியும் நாவலுக்கு வந்த மதிப்புரையில், "கொலைக்கு இன்னும் 302 என்று எழுதுகிறார், இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 103 என்றுகூடத் தெரியவில்லை" என்று கிண்டல் இருந்தது. 302 என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. அதற்குப் பதிலாக இந்தப் புதிய சன்ஹிதா அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுதான் பொருந்தும். அந்த நாவலில் கொலை நடப்பது 2023 தீபாவளிக்கு மறுநாள். 302 சரி. கிண்டல்தான் தவறு. எழுத்தாளர் பாவம், பயந்துபோய் அடுத்த பதிப்பில் 103 என்று மாற்றியிருக்கிறார்!

அதே நாவலில் உண்மையான ஓட்டை வேறு இடத்தில். சந்தேக நபரை நான்கு நாள் ஸ்டேஷனிலேயே வைத்து விசாரிக்கிறார்கள், பிறகு நல்லபடியாக கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லையென்றால் அது சட்டவிரோதக் காவல். நிஜத்தில் நடக்காததா? நடக்கும். ஆனால் அந்த இன்ஸ்பெக்டரை நாவல் நேர்மையின் சிகரமாகக் காட்டுகிறது. எழுத்தாளருக்கு அந்த முரண் தெரியவே இல்லை. ஒரு மதிப்புரையாளர் பிடிக்க வேண்டியது இதை.

இன்னொரு விஷயம். மதிப்புரைக்குக் காசு வாங்குகிறவர்கள் இங்கேயும் உலவுகிறார்கள் என்று கேள்வி. இணைய நுகர்வோர் மதிப்புரைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்தது. அமேசானிலும் காசுக்கு எழுதுவதும் நெருங்கிய சொந்தம் எழுதுவதும் விதிமீறல். இலவசப் பிரதி வாங்கலாம், ஆனால் மதிப்புரை எழுதியாக வேண்டும், நன்றாக எழுத வேண்டும் என்ற நிபந்தனை கூடாது. "நீ எனக்கு, நான் உனக்கு" என்று எழுத்தாளர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

#6 நூறுபிரதி

நான் எழுத்தாளன். இங்கே உள்ளவர்கள் அலசிய புத்தகங்களில் என்னுடையதும் ஒன்று. எதென்று சொல்லப்போவதில்லை.

எல்லாரும் தராசு பிடித்துப் பேசுகிறீர்கள், நன்றி. எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு பதிப்பித்துத் தரும் நிறுவனம் ஒன்றிடம் முதல் புத்தகத்தைக் கொடுத்தேன். "எடிட்டிங், ஐஎஸ்பிஎன், அட்டை எல்லாம் சேர்த்து" என்று ஒரு தொகுப்புக் கட்டணம். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் நம் நாட்டில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் முகமையின் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. எடிட்டிங் என்று அவர்கள் செய்தது, நான் மண்வாசனையோடு எழுதிய உரையாடலையெல்லாம் செந்தமிழாக்கியது. மாடு மேய்க்கிற கிழவி "நான் அவ்விடம் செல்லவில்லை" என்கிறாள்! மதிப்புரையில் ஒருவர் "எழுத்தாளருக்குப் பேச்சுமொழியே வரவில்லை" என்று எழுதினார். கரிசல்வாசகன் அண்ணே, "யாருடைய வேலை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்" என்கிறீர்களே, இதை எப்படிப் பிரிப்பீர்கள்?

இன்னொன்று. நூறு பிரதி விற்பதற்குள் நாக்குத் தள்ளுகிறது. இந்த நிலைமையில் ஒற்றை நட்சத்திர மதிப்புரை ஒன்று பட்டியலின் தலையில் நின்றால் புத்தகம் அத்தோடு சரி. பெரிய பதிப்பக எழுத்தாளருக்கு அது கொசுக்கடி.

#7 வல்லைவெளி

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட விவாதத்தை வாசிக்க எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருது. எங்கட பக்கம் தன்ர காசில தன்ர புத்தகத்தை அடிக்கிறது புதுச் சங்கதியே இல்லை. வாழ்நாள் முழுக்க அப்பிடித்தான் எழுதினவை. பதிப்பகம் எண்டு பேர் போட்டிருக்கும், ஆனா அது அவற்ர வீட்டு விலாசம்.

எங்கட பிரச்சினை வேற. விமர்சனம் முழுக்க வெளியீட்டு விழா மேடையிலயே முடிஞ்சிடும். வெளியீட்டுரை, நயப்புரை, ஆய்வுரை, ஏற்புரை எண்டு வரிசையா இருக்கும். முதற்பிரதியை ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கவரோட வந்து வாங்குவார். ஆய்வுரை செய்யிறவர் எழுத்தாளரின்ர பழைய வாத்தியாரா இருப்பார், இல்லையெண்டால் கூடப் படிச்சவர். அவர் மேடையில குறை சொல்லுவாரோ? "அட்டைப்படம் இன்னும் கொஞ்சம் வடிவா இருந்திருக்கலாம்" எண்டதோட சரி. அந்தக் கவர்க்காசிலதான் அச்சகக் கடன் அடைபடுறது, அதையும் நான் பிழை சொல்லமாட்டன்.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல பதிப்பிச்சதும் முன்கூட்டியே கையொப்பக்காரரை, அதாவது புத்தகம் வாங்கிறதா ஒப்புக்கொண்டவையை, சேர்த்துத்தான். எனவே சொந்த முயற்சியெண்டால் மட்டம் எண்டு ஒருத்தரும் நினைக்கத் தேவையில்லை. ஆனா தம்பி நூறுபிரதி, குறைஞ்ச விற்பனை எண்டதுக்காக வாசகன் பொய் சொல்ல ஏலாது. பொய் மதிப்புரையை நம்பி உங்கட புத்தகத்தை வாங்கிறவன் அடுத்த புதுப்பேரை வாங்கவே மாட்டான்.

#8 கரிசல்வாசகன்

நூறுபிரதி, கிழவி விஷயத்தைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. புத்தகத்தில் வேறெங்காவது எழுத்தாளரின் காது தெரியும். உங்கள் கிழவி செந்தமிழ் பேசினாலும் மாட்டை அதட்டும் சத்தம் மட்டும் ஊர்ச் சத்தமாக இருந்தால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகத்தை மதிப்புரையில் எழுதலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் நூலின் முதல் பக்கத்தில் பெயர் உங்களுடையது, கடைசிப் பொறுப்பும் உங்களுடையது. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

கவிதைத் தொகுப்பு பற்றி யாரோ தனிமடலில் கேட்டிருந்தார்கள். எனக்கு ஒரே சோதனைதான். வரிகளை மடக்காமல் உரைநடையாக நீட்டி எழுதிப் பார்ப்பேன். ஒன்றும் குறையவில்லையென்றால் அது கவிதையாக எழுதப்படவே இல்லை. மேலே பேச எதுவும் கிடையாது.

மல்லி, ஆன்ட்டி ஹீரோ பற்றி நேராகக் கேட்கிறேன். கன்னத்தில் அறைந்து தாலி கட்டுகிறவனைக் கடைசியில் நல்லவனாக்கும் கதையை, அந்த வகைக்குள் நின்று மட்டும் அளக்க முடியுமா?

#9 மதுரைமல்லி

அளக்க முடியும், அளக்கணும். அந்த வகையோட வாசகி அவன் கடைசில திருந்துவான்னு தெரிஞ்சுதான் வர்றா. திருந்துறதுக்கு அவன் என்ன விலை குடுத்தான்னு பாருங்க. நல்ல ஆன்ட்டி ஹீரோ கதைல அவ வீட்டை விட்டுப் போவா, சம்பாதிப்பா, அவன் பின்னாடி அலைவான், அவ சுலபத்துல மன்னிக்க மாட்டா. மோசமான கதைல அவனுக்கு ஒரு ஆக்சிடென்ட், இவ ஆஸ்பத்திரில அழுவா, எல்லாம் சரியாப் போகும். ரெண்டும் ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி தலைப்பு. வித்தியாசத்தச் சொல்ல உங்கள மாதிரி ஆளுங்க படிக்கவே மாட்டேங்கிறீங்க.

அதோட, இந்த மாதிரிக் காட்சி இருக்குன்னு முன்னாடியே எச்சரிக்கை போட்டிருக்காங்களா இல்லையான்னு மதிப்புரைல குறிப்பிடுங்க. அது எனக்கு நட்சத்திரத்தவிட முக்கியம்.

திருட்டு பிடிஎஃப் டெலிகிராம்ல போடுறவங்களுக்கு மதிப்புரை எழுதுற தகுதி கிடையாதுன்னும் ஒரு விதி சேத்துக்கங்க. எங்க கதை வெளியான அன்னிக்கே அங்க வந்துடுது.

#10 நீதிமன்றவாசல்

அபுனைவையும் மறக்க வேண்டாம். அங்கே சலுகை காட்டுவது நேரடியாக அடுத்தவர் பையில் கை வைப்பது. "ஆப்ஷனில் மாதம் ஒரு லட்சம்" என்ற ரகத்தில் ஒரு சுயவெளியீட்டு நூலுக்கு இங்கே ஐந்து நட்சத்திரம் விழுந்திருக்கிறது, "எளிய நடை" என்பதற்காக. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபியே அறிக்கை வெளியிட்டது. அந்த நூலில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நடை எளிமையாக இருப்பது இங்கே ஆபத்தைக் கூட்டத்தான் செய்யும்.

#11 பிழைதிருத்தி

செவ்வாய்க்கிழமை தம்பி, நாலரை போட்டதற்காக வருத்தமில்லை. அந்த இரண்டாவது கதையைப் படித்தேன். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆசிரியருக்கு ஆட்சேபமில்லை என்றால் பிழை திருத்திக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு நான் அந்த நூலுக்கு மதிப்புரை எழுத மாட்டேன். கை வைத்தவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

#12 மட்டுறுத்துநர்

இதுவரை பேசியதிலிருந்து மூன்று மட்டும் உடனே அமலாகிறது. இலவசப் பிரதியில் படித்தால் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். எழுத்தாளரோடு உறவு, நட்பு, மதிப்புரைப் பண்டமாற்று இருந்தால் இங்கே எழுத வேண்டாம். மின்னூலாக இருந்தால் எந்தத் தேதியில் இறக்கிய கோப்பு என்று குறிப்பிட வேண்டும். கிண்டிலில் ஆசிரியர் திருத்திய கோப்பை ஏற்றினாலும் ஏற்கெனவே வாங்கியவரிடம் பழையதே இருக்கலாம். இருக்கிற மதிப்புரைகளில் பாதிச் சண்டை இதனால் வந்ததுதான்.

நட்சத்திரத்தையே எடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு இன்னும் வாக்கெடுப்பு நடக்கிறது. இப்போதைக்கு "நட்சத்திரம் வேண்டும்" பக்கம் முன்னணி.

#13 நூறுபிரதி

நட்சத்திரத்தை எடுக்க வாக்களித்துவிட்டேன், எதிர்பார்த்திருப்பீர்கள். நீதிமன்றவாசல் சார், ஒரு சந்தேகம். என் அடுத்த நாவலில் கொலை நடப்பது 2024 ஜூன் 30 இரவு, செத்தவர் ஆஸ்பத்திரியில் உயிரை விடுவது ஜூலை 2. 302ஆ, 103ஆ?

#14 நீதிமன்றவாசல்

வெட்டிய தேதிதானா, செத்த தேதியா என்று நாவலுக்குள்ளேயே இரண்டு வக்கீல்களை மோதவிடுங்கள், நல்ல அத்தியாயம் கிடைக்கும். கைப்பிரதியை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள், அனுப்பினால் பிழைதிருத்தி ஐயா கணக்குப்படி நான் மதிப்புரை எழுத முடியாது.